பொட்டலம் கட்டிய அறை

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அறைக்குள் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரர். எங்கள் மகள், நான்கு வயது. வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு மதினி, சாத்தூர் பக்கத்திலிருந்து அன்று காலையில் வந்து இறங்கியவர். வாசற்படியில் பாதி உள்ளே, பாதி வெளியே, லைன் வீட்டின் சொந்தக்காரம்மா. அவர் வாடகை வாங்க வரவில்லை. கோழிக்குழம்பு வாசம் பிடித்து வந்தார்.

மதினி வந்தது மகளைக் கூட்டிப்போக. செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்.

"வரும்போது ஒரு டிக்கெட்டு. போகும்போது ஒன்றரை. அரை டிக்கெட்டு இவளுக்கு."

மகளுக்கு மூச்சிரைப்பு. அதுதான் காரணம்.

மதினிக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. அவருடைய பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். வீடு சும்மா கிடந்தது. ஆனால் கூட்டிப்போனால் பள்ளிக்கூடமும் அங்கேதான். பிறகு தீபாவளிக்குக் கம்பெனி மூடும்போதுதான் நாங்கள் பிள்ளையைப் பார்க்கலாம். எங்கள் லைனில் ஆறு அறைகள். அதில் பாதிப் பேருடைய பிள்ளைகள் ஊரில்தான் இருந்தார்கள். பக்கத்து அறைக்காரியின் பையன் ஒரு தீபாவளிக்கு வந்தபோது அவளைப் பார்த்துச் சித்தியின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்தான். நான் பார்த்தேன். எனக்கு அது வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தேன்.

எங்கள் லைன், பனியன் கம்பெனிகள் நிறைந்த நல்லூரில். அதே காம்பவுண்டுக்குள் சொந்தக்காரம்மாவின் நிட்டிங் ஷெட். அவருக்கு மூன்று மெஷின் ஓடியது. நூல் உள்ளே போகும், துணி கீழே வரும், பஞ்சு நாலா பக்கமும் பறக்கும். ஷெட்டின் ஜன்னலுக்கும் எங்கள் அறை ஜன்னலுக்கும் நடுவில் ஒரு சந்து. ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். பஞ்சுக்கு அது போதும்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பஞ்சு உண்டு. தலையில் உட்காரும். சோற்றில் விழும். எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவோம். கம்பெனிக்குப் போனால் அங்கேயும் பஞ்சு. நான் செக்கிங். தைத்து வரும் பனியனை விரித்துப் பார்ப்பேன். ஓட்டை, கறை, விட்ட தையல் இருந்தால் தனியே போடுவேன். தொங்கும் நூலை ட்ரிம்மரால் வெட்டுவேன். ட்ரிம்மர் என்பது விரலுக்குள் அடங்கும் சின்னக் கத்தரி. அது என் இடுப்பில் எப்போதும் இருக்கும். வீட்டுக்கு வந்தாலும் இருக்கும்.

என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் பேக்கிங். வெளிநாட்டுக் குழந்தைகள் போடுகிற வெள்ளை உடுப்பு அவர் கையில்தான் முடியும். மடிப்பார். பாலிதீன் கவரில் போடுவார். உள்ளங்கையால் அமுக்கிக் காற்றை வெளியே தள்ளி வாயை ஒட்டுவார். பெட்டியில் அடுக்கி கம் டேப் போடுவார். கவருக்குள் ஒரு முடி கிடந்தால் மொத்தப் பெட்டியும் திரும்பி வரும். அவர் ஒட்டிய பெட்டி திரும்பி வந்ததில்லை.

மகளுக்கு முதலில் சளி என்று நினைத்தோம். மழைக்காலம் போயும் போகவில்லை. ராத்திரியில் நெஞ்சு விசில் அடித்தது. டாக்டரிடம் போனோம். குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து எழுதினார்.

"இந்தப் பாப்பாவுக்குத் தூசி ஆகாது, புகை ஆகாது. ரூம் காத்தோட்டமா இருக்கட்டும்" என்றார்.

மருந்தை எப்படி உறிஞ்ச வைப்பது என்பதில் என் புத்தி இருந்தது. வீட்டுக்காரர் புத்தியில் முதல் சொல் மட்டும் நின்றது. தூசி.

அதன் பிறகு அவர் பேக்கரியில் டீ குடித்துவிட்டு வரும்போதெல்லாம் ஒரு பயத்தைக் கையோடு கொண்டுவந்தார். சாயப்பட்டறைத் தண்ணி மண்ணில் இறங்கிவிட்டது, இப்போது காற்றிலும் ஏறிவிட்டது என்று ஒருவர் சொல்லியிருந்தார். சாயத்துணி போட்டால் உடம்புக்குள் போய்விடும் என்று இன்னொருவர். மகளின் சிவப்பு கவுனைப் பரணில் ஏற்றினார். பெயின்ட் வாசம் என்று ஸ்டூலை வெளியே வைத்தார். ஒரு நாள் அவளுடைய புது பிளாஸ்டிக் பொம்மையை மோந்து பார்த்துத் தூக்கிப் போட்டார். அவள் அழுதாள். அழுததில் இரைத்தது. பார்த்தியா, பொம்மை வேலைதான் என்றார்.

 பயந்தவரிடம் வாதாடி ஆகப்போவது எதுவும் இல்லை.

பிறகு ஒரு ஞாயிறு அவர் அறையை ஒட்டினார்.

கம்பெனியில் கேட்டு வாங்கிய பாலிதீன் சுருள், கம் டேப். சந்துப் பக்கத்து ஜன்னலை முதலில் ஒட்டினார். அப்புறம் வாசல் பக்கத்து ஜன்னல். மேலே காற்று வருகிற ஓட்டைக்கு அட்டைப்பெட்டியை அளந்து வெட்டி வைத்தார். சந்துப் பக்கத்துச் சுவரில் சுண்ணாம்பு உதிர்கிறது என்று அந்தச் சுவர் முழுக்கவே பாலிதீன் போட்டார். கதவுக்கு அடியில் வைக்க, வேஸ்ட் துணியைத் திணித்து ஒரு நீளமான பை தைத்துத் தரச் சொன்னார். தைத்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் முடித்துவிட்டு டேப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இனி ஒரு பொட்டுத் தூசி வராது பாரு புள்ள."

வரவில்லை. அதைச் சொல்ல வேண்டும். நல்ல ஒட்டு. நாங்கள் அந்தத் தொழில்காரர்கள். ஒரு பொருள் சுத்தமாக இருக்க வேண்டுமென்றால் அதைக் கவரில் போட்டு வாயை ஒட்டுவோம். எங்களுக்குத் தெரிந்த வழி அதுதான். பிள்ளைக்கும் அதையே செய்தோம்.

ஆனால் பனியன் சமைக்காது. நாங்கள் சமைத்தோம். மண்ணெண்ணெய் ஸ்டவ் அந்த அறைக்குள்தான். மிளகாய் தாளிப்பது அங்கேதான். ஜன்னல் மூடியிருந்தும் எந்த வழியாகவோ கொசு வந்தது, அதற்குக் கொசுவர்த்தி ஏற்றினோம். வெளியே காயப்போட்டால் பஞ்சு ஒட்டுகிறது என்று துணியையும் உள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டோம். காலையில் எழுந்தால் பாலிதீனில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். அறையில் நனைந்த சாக்கு வாசம் வந்தது. பழகிவிட்டால் அந்த வாசம் தெரியாது. வேலையிலிருந்து திரும்பிக் கதவைத் திறக்கும்போது மட்டும் தெரியும்.

மகளுக்கு இரைப்பு கூடியது. அவர் டேப்பின் மேல் இன்னொரு டேப் போட்டார். போனில் அக்காவிடம் சொன்னார். அனுப்பி வைடா தம்பி, நான் பார்த்துக்கிறேன் என்று மதினி அப்போதிருந்தே சொல்ல ஆரம்பித்தார். வீட்டுக்காரரும் ஆம் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்.

எனக்குச் சந்தேகம் தட்டியது ஒரு சனிக்கிழமை. பால்வாடிக்கு லீவு. மகளைக் கம்பெனிக்குக் கூட்டிப்போனேன். செக்கிங் டேபிளுக்கு அடியில் வெட்டுத் துண்டுகளைக் குவித்து அதில் படுத்தாள், எழுந்தாள், ஓடினாள். தலையெல்லாம் பஞ்சு. சாயங்காலம் வரை ஒரு இருமல் இல்லை. வீட்டுக்கு வந்து ஸ்டவ்வைப் பற்ற வைத்தேன். சோறு வேகுமுன் இருமல்.

அவரிடம் சொன்னேன்.

"பஞ்சு இல்லைங்க. நம்ம ரூமுதான்."

"கம்பெனில ஃபேன் பெருசு. சட்டர் முழுசா தொறந்து கெடக்கு."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அவர் போய் டேப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

அதற்கு அடுத்த நாள்தான் மதினி வந்த ஞாயிறு.

வந்தவருக்கு நல்லபடியாகச் சமைக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் கோழி எடுத்துவந்தார். ஸ்டவ்வில் குழம்பு. மகள் பாயில் உட்கார்ந்து இரைத்துக்கொண்டிருந்தாள். மதினி அவள் முதுகைத் தடவிக்கொண்டே பேசினார்.

"இங்க என்னத்தா காத்து இருக்கு? எங்க ஊர்ல வந்து பாரு. வாசல்ல நின்னா அப்படியே அள்ளிக்கிட்டுப் போகும்."

"மதினி, உங்க வீட்ல தீப்பெட்டி ஒட்டுறீங்க. போன தடவ வந்தப்ப சோத்துலயே தீக்குச்சி மருந்து வாசம் வந்துச்சு."

"அது மருந்து இல்லடி, பசை!"

"பசையோட மருந்தும்தான் மதினி."

"பாருடா தம்பி, வாயப் பாரு! நல்லது சொல்ல வந்தா என் வீட்டையே கொளுத்துறா ஒம் பொண்டாட்டி."

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது கரண்ட் போனது. அந்த வருஷங்களில் கரண்ட் போவது புதிதில்லை. ஃபேன் நின்றது. ஷெட்டில் மெஷின்களும் நின்றன. அந்தச் சத்தம் நின்றதும் மகளின் நெஞ்சுச் சத்தம் மட்டும் அறையில் கேட்டது.

குழம்பு இறங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஸ்டவ் எரிந்தது. எங்களுக்கு வேர்த்தது. மதினி முதலில் முந்தானையால் விசிறினார். பிறகு நெற்றியைப் பிடித்தார். பிறகு பேச்சை நிறுத்தினார். மதினி பேச்சை நிறுத்தி நான் பார்த்ததில்லை. சட்டென்று எழுந்தார், சுவரைப் பிடித்தார், கதவை இழுத்தார். கதவடியில் இருந்த பை தடுத்தது. காலால் எத்தித் தள்ளிவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தார்.

"யாத்தே! என்ன கருமம்டா தம்பி இது? தலை சுத்துது. மூச்சு முட்டுது. காய்ச்சல்னு ஒரு நாளு படுத்தவ இல்லடா நான்!"

சொந்தக்காரம்மா அங்கேதான் நின்றிருந்தார். மதினியைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டு ஜன்னலையும் பார்த்தார். மேலே அட்டையைப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, ஊட்டப் பொட்டலங் கட்டி வெச்சிருக்கறீங்? பார்சலு எந்த நாட்டுக்குங்க?"

"தூசி ஆகாதுன்னு டாக்டர் சொன்னாருங்க அக்கா. உங்க ஷெட்டுப் பஞ்சு வருது" என்றார் அவர்.

"என்ற பஞ்சு இருவது வருசமாத்தாங் கண்ணு வருது. என்ற புள்ளைக இதுலதான வளந்துச்சுங்க?"

"எல்லாப் பிள்ளையும் ஒன்னா அக்கா?" என்றேன். "இவளுக்குப் பஞ்சு ஆகுதோ என்னவோ. இந்த அடைப்பு ஆகாது."

ஸ்டவ்வை அணைத்தேன். குழம்பு பாதி வேக்காட்டில் நின்றது. மகளைத் தூக்கி மதினியின் மடியில், வாசற்படியில் வைத்தேன். இடுப்பிலிருந்து ட்ரிம்மரை எடுத்தேன்.

"ஏய், என்ன பண்ற?"

"நூல் வெட்டுறேன்."

வாசல் பக்கத்து ஜன்னலை முதலில் கிழித்தேன். ஓரத்தில் ஒரு வெட்டு, பிறகு கையால் ஒரு இழுப்பு. அப்புறம் சந்துப் பக்கம். காற்று ஒரு ஜன்னலில் நுழைந்து இன்னொன்றில் வெளியே போனது. கொடியில் கிடந்த துணி ஆடியது. அவர் நடு அறையில் நின்றார். என்னைத் தடுக்கவும் இல்லை, எனக்கு உதவவும் இல்லை. பிறகு சுவர். மேல் மூலையில் ட்ரிம்மரைக் கொடுத்து இழுத்தேன். மொத்தப் பாலிதீனும் சரிந்து விழுந்தது.

சுவர் கறுப்பாக இருந்தது. தரையிலிருந்து என் தோள் உயரம் வரை பூஞ்சை. பூனை மயிர் போல. மகள் தலைவைத்துப் படுக்கும் இடம் அதற்குக் கீழே.

 முதலில் பேசியது சொந்தக்காரம்மா.

"அய்யய்யோ! என்ற செவுரு!"

மதினிக்கு அது போதுமாக இருந்தது.

"செவுராம்ல செவுரு! பிள்ளை நெஞ்சு என்ன ஆயிருக்கும்னு பாக்காம செவுத்தப் பாக்குது இந்தம்மா!" என்றவர் தம்பியிடம் திரும்பினார். "நீயாடா இப்படி ஒட்டுன? கூறுகெட்டவனே! இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன் நான்."

அவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கையில் டேப்பின் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கவும் தோன்றவில்லை அவருக்கு. அவருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது.

"ஒட்டுனது நல்லாத்தான் இருந்துச்சு. அதனாலதான் உள்ள இருந்தது வெளிய போகல" என்றேன்.

மதினியிடம் சொன்னேன். "அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்கயே இருங்க. நீங்களே பக்கத்துல படுத்துப் பாருங்க. இவளுக்கு இரைச்சா ஒன்றரை டிக்கெட் எடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"இரைக்கலன்னா?"

"இரைக்காது."

அப்படிச் சொல்ல எனக்கு டாக்டர் படிப்பு தேவைப்படவில்லை. டாக்டர் முதல் நாளே சொன்னதுதான். அதோடு சனிக்கிழமை பிள்ளையைப் பார்த்திருந்தேன்.

மறுநாள் லீவு சொன்னேன். சுவரைச் சுரண்டினேன். முகத்தில் துணி கட்டிக்கொண்டு பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிக் காயவிட்டேன். அதுவரை நாங்கள் மொட்டைமாடியில் படுத்தோம். சுவர் காய்ந்ததும் சொந்தக்காரம்மாவே சுண்ணாம்பு கொடுத்தார், அவருடைய சுவர் ஆயிற்றே. ஸ்டவ் வாசலுக்குப் போனது. துணி மாடிக்குப் போனது. கொசுவர்த்தியை நிறுத்தினோம். விளையாட்டு பனியனுக்கு வருகிற மெஷ் துணி, சல்லடை போல இருக்கும், அதில் மீந்த துண்டைக் கம்பெனியில் கேட்டு வாங்கிவந்தேன். அதில் கொசுவலை தைத்தேன். பாக்கியை வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார்.

"இத ஜன்னலுக்குப் போடலாம். காத்து வரும். பஞ்சு வராது."

அவராகச் சொன்னார். மரச்சட்டம் அடித்து மெஷ்ஷை இழுத்துக் கட்டினார். நான்கு மூலையும் பெட்டி மூலை போல மடித்தார். ஓரத்துக்கு அதே கம் டேப். ஒரே நாளில் அந்த மெஷ்ஷின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பஞ்சு படிந்தது. ஈரத்துணியால் ஒத்தி எடுத்தால் அடை அடையாக வந்தது. அதை உருட்டி மகளுக்குக் காட்டினார். முயல் என்றாள்.

வியாழக்கிழமை காலையில் மறுபடி இருமினாள். தொடர்ந்து இருமினாள். மதினி எழுந்து பையை இறக்கினார். மகளின் கவுன்களை மடித்து அதில் வைக்க ஆரம்பித்தார்.  அப்போதுதான் என் மூக்கில் வாசம் ஏறியது. ரப்பர் கருகும் வாசம்.

வெளியே போனேன். காம்பவுண்டு மூலையில் சொந்தக்காரம்மா குளிக்க வெந்நீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். அடுப்பில் பனியன் வேஸ்ட். இந்த ஊரில் பலரும் அதைத்தான் எரித்தார்கள். சும்மா கிடைக்கும், நன்றாகப் பற்றும். அன்றைக்கு அவர் போட்டது ஜட்டி எலாஸ்டிக். கரும்புகை நேரே எங்கள் ஜன்னலுக்கு வந்தது. மெஷ் பஞ்சைப் பிடிக்கும், புகையைப் பிடிக்காது.

"அக்கா, எலாஸ்டிக் வேண்டாமுங்க."

"எப்பவும் எரிக்கறதுதானுங் கண்ணு. இதுக்கும் வந்துட்டியா? வெறகுக்கு நீ காசு குடுக்கறயா?"

நான் வாய் திறக்குமுன் பின்னால் மதினியின் குரல். கையில் மகளின் கவுன் அப்படியே இருந்தது.

"ஏம்மா, மூனு மெஷின் ஓட்டுறவுக வீட்ல ஒரு வெறகு கெடையாதா? பிள்ளை இரைக்குது, கண்ணு தெரியலையா? நேத்து வரைக்கும் கம்முனு தூங்குச்சு. நான் பக்கத்துல படுத்துருந்தேன், எனக்குத் தெரியும்! இவ சொன்னது சரிதான். காத்து உள்ள போனா பிள்ளைக்கு ஒன்னும் இல்ல. புகைய அனுப்புறது நீங்க!"

சொந்தக்காரம்மா அப்படியே நின்றார். அவரிடம் யாரும் அந்தத் தொண்டையில் பேசியதில்லை. கோபம் வரும் என்று பார்த்தேன். அவர் குனிந்து கம்பியால் எலாஸ்டிக்கை வெளியே இழுத்துப் போட்டு மண்ணைத் தள்ளினார்.

"உடுமலைல எங்கண்ணன் தோப்புல தேங்கா மட்டை மலையாட்டங் கெடக்குதுங்க. வேன்ல கொண்டாரச் சொல்றன். இதுக்குப் போயி என்னத்துக்குங்க இத்தன சத்தம்?"

பிறகு மதினியைப் பார்த்துச் சொன்னார்.

"நீங்க ஊருக்குப் போறது என்னைக்குங்க?"

மதினி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். உள்ளே வந்து பார்த்தபோது மகள் மருந்தை உறிஞ்சிவிட்டு அப்பா மடியில் உட்கார்ந்து டேப் சுருளை உருட்டிக்கொண்டிருந்தாள். நெஞ்சு அடங்கியிருந்தது. மதினி பையிலிருந்து கவுன்களை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். பரணில் இருந்த சிவப்பு கவுனையும் இறக்கச் சொன்னார்.

அதன் பிறகு அந்த வாரம் இரைக்கவில்லை. இரைப்பே போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பனிக்காலத்தில் வந்தது, மருந்தில் போனது. அதற்கெல்லாம் பிள்ளையை ஊருக்கு அனுப்ப வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். மதினிக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கண்ணாடியை முழுக்கத் தள்ளித் திறந்துவிட்டு உட்கார்ந்தார். வெளியே கையை நீட்டி மகளின் கன்னத்தைக் கிள்ளினார்.

"தீபாவளிக்கு வா. தீப்பெட்டிய எல்லாம் கொல்லைக்கு மாத்திடுறேன்" என்றார். அதை என்னைப் பார்த்துச் சொன்னார்.

கண்டக்டர் வந்தார். என் வீட்டுக்காரர் கீழே நின்றபடி ஜன்னல் வழியாகக் காசை நீட்டினார். மகள் அவர் தோளில் இருந்தாள்.

"சாத்தூரு. எத்தனை?" என்றார் கண்டக்டர்.

"ஒன்னு."